பாராசூட் படையும் இணைப்பு ரயிலும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் கண் அசரப் போனேன். "தாத்தா, மூணும் போச்சு" என்று பேரன் வந்து நின்றான். முகத்தைப் பார்த்தால் கிரிக்கெட்டில் முதல் பந்தில் அவுட் ஆனவன் மாதிரி இருந்தது.

என்னடா போச்சு என்று எழுந்து போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் 'சிவிலைசேஷன் 2' ஓடிக்கொண்டிருந்தது. எதிரியின் தலைநகரை ஒட்டி மூன்று பாராசூட் படைகளை இறக்கியிருக்கிறான். அடுத்த முறை எதிரி ஊருக்குள்ளிருந்து பீரங்கியும் டாங்கியும் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துவிட்டான். நம்முடைய தரைப்படை எங்கே என்று கேட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வந்து சேர இன்னும் ஏழு முறை ஆகும். "அதனால என்ன தாத்தா, அதான் வானத்துல போயிட்டோமே" என்றான்.

அவன் சொன்ன அந்த வார்த்தையை ஒரு காலத்தில் பெரிய பெரிய ஜெனரல்களும் நம்பியிருக்கிறார்கள். அதனால் அவனைத் திட்டவில்லை. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். காலை நடையில் சந்திக்கும் நண்பர்கள் சிலர் "எழுபத்தைந்து வயசுக்கு மேல உனக்கு வீடியோ கேம்ஸா" என்று கேலி செய்வார்கள். அவர்களும் படிக்கட்டும்.

இந்த வகை விளையாட்டு சதுரங்கம் மாதிரி. நான் என் காய்களையெல்லாம் நகர்த்தி முடித்த பிறகுதான் எதிரியின் முறை. அவசரம் கிடையாது. காபி ஆற்றிக் குடித்துவிட்டு வந்து யோசிக்கலாம். விரல் வேகம் வேண்டிய துப்பாக்கி விளையாட்டுகள் நம் வயதுக்குச் சரிவராது. இது சரிவரும்.

1998-ல் என் மகன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது ஒரு சி.டி.யில் இரண்டு விளையாட்டுகள் கொண்டுவந்தான். ஒன்று 1994-ல் வந்த 'பான்சர் ஜெனரல்'. இரண்டாம் உலகப் போரின் சண்டைகளை, தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடத்தில் ஆடுவது. மற்றது 1996-ல் வந்த 'சிவிலைசேஷன் 2'. கல் ஆயுதக் காலத்திலிருந்து ராக்கெட் காலம் வரை ஒரு நாட்டை வளர்ப்பது. மகன் வேலைக்கு வெளியூர் போனான். விளையாட்டு என்னிடம் தங்கிவிட்டது. நைட் டியூட்டி முடிந்து வந்து தூக்கம் வராத பகல்களில் எனக்கு அதுதான் துணை.

இரண்டிலும் எனக்குப் பிடித்தது பாராசூட் படைதான். யாருக்குத்தான் பிடிக்காது? மற்றவர்கள் ஆறு, மலை, சேறு என்று ஒவ்வொரு கட்டமாக மெதுவாகப் போகையில், இவர்கள் எல்லாவற்றையும் தாண்டிப் பறந்து இறங்குகிறார்கள். சிவிலைசேஷன் 2-ல் சொந்த ஊரிலிருந்தோ விமானத் தளத்திலிருந்தோ பத்துக் கட்டம் தள்ளிக் குதிக்கலாம். ஆனால் கால் தரையில் பட்டுவிட்டால் ஒரு முறைக்கு ஒரு கட்டம்தான். குதிப்பதற்கு முன் கழுகு, குதித்த பின் ஆமை.

பான்சர் ஜெனரலில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். விமானத் தளத்தில் நின்றால்தான் விமானத்தில் ஏற்ற முடியும். ஏற்றிச் செல்லும் விமானங்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. அந்த விமானங்களால் சண்டை போட முடியாது. நடுவானில் எதிரியின் போர் விமானம் பிடித்தால் உள்ளே இருக்கிற படையும் சேர்ந்து போகும். பாராசூட் படை வரைபடத்தில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். சாதாரணக் காலாட்படையை விமானத்தில் கொண்டுபோனால் விமானத் தளத்தில்தான் இறக்க முடியும். எதிரி பக்கத்தில் நெருக்கி நின்றால் குண்டும் மருந்தும் நிரப்பிக்கொள்வது குறைந்துவிடும்.

ஆரம்பத்தில் நானும் பேரனைப் போலத்தான் ஆடினேன். தூரத்தில் எது பெரிய ஊரோ அங்கே இறக்குவேன். தோற்பேன். ஏன் தோற்கிறோம் என்று பார்க்கத்தான் நிஜப் போர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நான்கை மட்டும் சொல்கிறேன். இரண்டு கச்சிதமான வெற்றி, ஒன்று வெற்றி மாதிரியான நஷ்டம், ஒன்று தோல்வி.

முதலாவது பெல்ஜியத்தில் இருந்த எபென் எமாயெல் கோட்டை. ஆல்பர்ட் கால்வாயின் பாலங்களைக் காத்து நின்ற, கான்கிரீட்டும் இரும்புக் கவசமும் போட்ட கோட்டை. ஐரோப்பாவிலேயே பலமான கோட்டைகளில் ஒன்று என்று அதற்குப் பேர். 1940 மே 10 விடியற்காலையில், சத்தமே இல்லாத கிளைடர்களில் ஜெர்மானியர்கள் அதன் கூரை மேலேயே வந்து இறங்கினார்கள். எண்பது பேர் அளவுதான். புதுவகை வெடிகளை வைத்துப் பீரங்கி மேடைகளைச் செயலிழக்கச் செய்தார்கள். உள்ளே இருந்த பல நூறு பேர் வெளியே வர முடியவில்லை. மறுநாள், மே 11, கோட்டை சரணடைந்தது.

எல்லோரும் கிளைடரையும் வெடியையும்தான் பேசுவார்கள். எனக்குப் பட்டது வேறு. அந்த எண்பது பேர் கூரை மேல் எவ்வளவு நேரம் தனியாக இருந்தார்கள்? ஏறக்குறைய ஒரு நாள். மறுநாள் காலையில் தரைவழியே ஜெர்மன் படை வந்து சேர்ந்துவிட்டது. ஒரு வாரம் ஆகியிருந்தால் அந்தக் கதையே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாவது கிரீட் தீவு. 1941 மே 20. ஜெர்மானிய ஜெனரல் ஸ்டூடென்ட் தன் பாராசூட் படையை வைத்தே ஒரு முழுத் தீவையும் பிடிக்கக் கிளம்பினார். தீவில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கிரேக்கம் எல்லாம் சேர்த்துச் சுமார் 40,000 பேர். ஜெர்மன் உளவுத்துறை அதில் ஒரு சிறு பங்குதான் இருப்பதாகக் கணக்குப் போட்டிருந்தது. தீவு மக்கள் தங்களை வரவேற்பார்கள் என்றும் நினைத்தார்கள். மக்கள் கையில் கிடைத்த அரிவாளும் பழைய துப்பாக்கியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். எதிர்ப்பக்கமோ, ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்து, வரப்போகிறார்கள் என்று முன்பே தெரிந்துகொண்டு காத்திருந்தது.

ஜெர்மன் பாராசூட்டை வீரரால் திருப்பவோ நகர்த்தவோ முடியாது. காற்று கொண்டுபோன இடத்தில் விழ வேண்டியதுதான். துப்பாக்கிகள் தனிப் பெட்டிகளில் விழும். பெரும்பாலானவர்கள் கைத்துப்பாக்கியும் கையெறி குண்டும் மட்டும் வைத்துக்கொண்டு குதித்து, பிறகு பெட்டியைத் தேடி ஓட வேண்டும். தேடி ஓடும்போதே பலர் சாய்ந்தார்கள். மாலேமே, ரெத்திம்னோ, ஹெராக்லியோன் என்று மூன்று விமானத் தளங்கள் குறி. முதல் நாள் இருட்டியபோது ஒன்று கூடக் கையில் இல்லை.

அன்று இரவு ஒரு விஷயம் நடந்தது. மாலேமே ஓடுதளத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு குன்று. வரைபடத்தில் அதன் பெயர் 107. அதைப் பிடித்து வைத்திருந்தது நியூசிலாந்தின் 22-வது பட்டாலியன். அதன் தளபதிக்குத் தன் முன்வரிசைக் கம்பெனிகளோடு தொடர்பு அறுந்துபோயிற்று. அவர்கள் அழிந்துவிட்டார்கள் என்று நினைத்து இரவோடு இரவாகப் பின்வாங்கிவிட்டார். விடிந்ததும் ஜெர்மானியர்கள் குன்று காலியாக இருப்பதைக் கண்டார்கள். 21-ம் தேதி சாயங்காலம், பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே, மலைப்படை வீரர்களை ஏற்றிய ஜங்கர்ஸ் 52 விமானங்கள் அந்த ஓடுதளத்தில் வந்து இறங்க ஆரம்பித்தன. கடல்வழியே படகுகளில் வந்த உதவியைப் பிரிட்டிஷ் கடற்படை சிதறடித்துவிட்டது. ஆனாலும் அந்த ஒரே ஓடுதளம் போதுமானதாக இருந்தது. ஜூன் 1-ல் தீவு விழுந்தது.

வெற்றிதான். ஆனால் செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஜெர்மானியர்களில் ஏறக்குறைய 4,000 பேர். பாராசூட் படையின் காலம் முடிந்தது என்று ஹிட்லரே ஸ்டூடென்டிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் அவ்வளவு பெரிய அளவில் வானிலிருந்து இறங்கவே இல்லை. தங்களை எதிர்த்த கிராமத்து மக்களைக் கொண்டோமாரியிலும் கந்தானோஸிலும் ஜூன் முதல் வாரத்தில் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். விளையாட்டில் இந்தக் கணக்கு வராது. எழுதும்போது விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பான்சர் ஜெனரலில் கிரீட் ஒரு தனி ஆட்டமாகவே உண்டு. நான் அதில் பல தடவை தோற்று, கடைசியில் ஒன்று கண்டுபிடித்தேன். பாராசூட் படையை வைத்துத் தீவைப் பிடிக்க முயலக் கூடாது. ஒரு விமானத் தளத்தை மட்டும் பிடிக்க வேண்டும். பிறகு அந்த வாசல் வழியாகச் சாதாரணக் காலாட்படை இறங்கித் தீவைப் பிடிக்கும். பாராசூட் படை வீட்டை இடிக்கிற கடப்பாரை இல்லை. பூட்டைத் திறக்கிற சாவி. சாவியால் சுவரைக் குத்தினால் சாவிதான் வளையும்.

மூன்றாவது ஆர்னெம். 1944 செப்டம்பர் 17. இந்தத் தடவை குதித்தது நேச நாடுகள். ஹாலந்தில் வரிசையாகப் பல ஆறுகளும் கால்வாய்களும். அவற்றின் பாலங்களை எல்லாம் மூன்று பாராசூட் டிவிஷன்கள் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டியது. பெல்ஜிய எல்லையிலிருந்து பிரிட்டனின் 30-வது கோர் டாங்கிகளோடு ஒரே சாலையில் வந்து ஒவ்வொரு பாலமாகத் தாண்டி, கடைசிப் பாலமான ஆர்னெமுக்கு இரண்டு மூன்று நாளில் வந்து சேர வேண்டியது. தூரம் சுமார் 100 கிலோமீட்டர்.

விமானங்கள் போதவில்லை. எல்லோரையும் ஒரே நாளில் கொண்டுபோக முடியாததால் மூன்று நாளாகப் பிரித்தார்கள். இங்கிலாந்தில் மூடுபனி, மழை. அடுத்தடுத்த நாளில் வரவேண்டியவர்கள் தாமதமானார்கள். முதல் நாள் வந்தவர்களிலும் ஒரு பகுதியினர், பின்னால் வருகிறவர்களுக்காக இறங்கும் மைதானத்தைக் காவல் காக்க வேண்டியதாயிற்று. அந்த மைதானமோ பாலத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். கழுகு ஆமையாகிவிட்டதல்லவா? நடந்து போனார்கள். வழியில் ஜெர்மன் கவசப்படை டிவிஷன்கள் இரண்டு, அடிபட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தவை, எழுந்து மறித்தன. பாலத்தின் வடமுனைக்குப் போய்ச் சேர்ந்தது ஜான் ஃப்ராஸ்ட் என்ற லெப்டினன்ட் கர்னலின் தலைமையில் சுமார் 740 பேர்.

அந்த 740 பேரும் எதிர்பார்த்ததற்கு மேலேயே நின்றார்கள். சாலைதான் வரவில்லை. சோன் என்ற ஊரின் பாலத்தை ஜெர்மானியர்கள் கண்ணெதிரே வெடித்துத் தகர்த்தார்கள். இரும்புச் சட்டங்களைக் கோத்துப் புதுப்பாலம் போட்டு டாங்கிகள் தாண்ட 19-ம் தேதி காலை ஆயிற்று. நைமேகன் பாலம் கையில் வர 20-ம் தேதி மாலை ஆயிற்று. அதற்காக அமெரிக்க வீரர்கள் பட்டப்பகலில் கித்தான் படகுகளில் துடுப்புப் போட்டு ஆற்றைக் கடந்தார்கள். அங்கிருந்து ஆர்னெம் சுமார் 17 கிலோமீட்டர்தான். 21-ம் தேதி காலையில் ஃப்ராஸ்டின் ஆட்களிடம் குண்டு தீர்ந்துபோயிற்று.

அந்த டிவிஷனோடு ஆற்றுக்கு வடக்கே போன சுமார் 10,000 பேரில், 25-ம் தேதி இரவு மழையில் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் ஏறக்குறைய 2,400 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். ஏறக்குறைய 1,500 பேர் அங்கேயே மண்ணானார்கள்.

வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்ட அட்டவணையோடு மல்லுக்கட்டியவன் நான். ஆர்னெம் கதையைப் படிக்கும்போது எனக்கு ராணுவமே கண்ணில் தெரியவில்லை. ஒற்றைப் பாதை. அதில் அரை டஜன் பாலம். ஒவ்வொன்றும் குறித்த நேரத்தில் கிடைத்தால்தான் கடைசி ஸ்டேஷனில் இணைப்பு ரயிலைப் பிடிக்கலாம். எங்கள் கன்ட்ரோல் ஆபீசில் புதிதாக வந்த பையன்கூட இந்த சார்ட்டைப் பார்த்து, இடையில் ஓர் இடத்திலாவது அரைமணி சேர்த்துப் போடுங்கள் என்று சொல்லியிருப்பான்.

நான்காவது நம் நாட்டுக் கதை. 1971 டிசம்பர் 11. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ரயில்வேயில் சேர்ந்த புதிது. ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நின்று செய்தி கேட்ட நாட்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

கிழக்குப் பாகிஸ்தானில் வடக்கே மைமன்சிங், ஜமால்பூர் பக்கமிருந்து பாகிஸ்தானின் 93-வது பிரிகேட் டாக்காவைக் காக்கப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. வழியில் தங்கைல் என்ற ஊர், பக்கத்தில் பூங்லி பாலம். அதைப் பிடித்துவிட்டால் பின்வாங்குகிறவர்களுக்கு வழி அடைபடும். சாயங்காலம் நாலரை மணி அளவில், டம் டம், கலைக்குண்டா விமானத் தளங்களிலிருந்து வந்த விமானங்களிலிருந்து 2-வது பாரா பட்டாலியன் குதித்தது. லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமையில் சுமார் 700 பேர். அன்றிரவே பாலம் கையில் வந்தது. பின்வாங்கி வந்தவர்கள் இரவில் திரும்பத் திரும்ப மோதிப் பார்த்தார்கள். முடியவில்லை. வடக்கிலிருந்து துரத்திக்கொண்டு வந்த மராத்தா லைட் இன்ஃபன்ட்ரி ஏறக்குறைய ஒரு நாளில் வந்து கைகோத்தது. டிசம்பர் 16-ல் டாக்காவில் சரணாகதி.

இதை ஆர்னெமோடு வைத்துப் பாருங்கள். பாலத்தைப் பிடித்தவர்கள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை, 700 சொச்சம். வீரத்திலும் யாரும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. வித்தியாசம் தரையில் இருந்தது. தங்கைலில் இறங்குமிடத்தைப் பார்த்துவைக்க கேப்டன் கோஷ் என்ற அதிகாரி முன்கூட்டியே உள்ளே போயிருந்தார். காதர் சித்திகியின் முக்தி வாகினி ஆட்கள் அந்த வட்டாரத்தையே கையில் வைத்திருந்தார்கள். விழுந்த பெட்டிகளைத் தூக்கிக் கொடுக்கக் கிராமத்து மக்கள் ஓடிவந்தார்கள். தரைப்படை ஏற்கெனவே ஜமால்பூரை உடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. எல்லாம் கூடிவந்த பிறகுதான் குதித்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இறங்கியது ஒரு பட்டாலியன். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஒரு முழு பிரிகேட், ஐயாயிரம் பேர் இறங்கியதாகச் செய்தி வந்தது. டாக்காவில் இருந்தவர்களுக்கு அந்த ஐயாயிரமும் நிஜமாகவே பட்டிருக்கும்.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். பேரனை உட்காரவைத்து நான் சொன்னது இதுதான்.

குதிப்பதற்கு முன் வானத்தைப் பார்க்காதே, சாலையை எண்ணு. தரைப்படை வந்துசேர எத்தனை முறை ஆகும்? இறங்கியவன் தனியாக எத்தனை முறை தாங்குவான்? முதல் எண் பெரியதாக இருந்தால் குதிக்காதே. என் அனுபவத்தில் இரண்டு முறைக்குள் கை சேர்ந்தால் நல்லது, மூன்று என்றால் யோசிக்கணும், அதற்கு மேல் சூதாட்டம்.

அடுத்தது இடம். பெரிய ஊர் மேல் ஆசைப்படாதே. நம் ஆட்கள் உள்ளே வர வாசலாக இருக்கும் இடம், அல்லது எதிரி வெளியே போகும் வழி. விமானத் தளம், பாலம், கூட்டுச் சாலை. சிவிலைசேஷன் 2-ல் தண்டவாளம் போட்டுவிட்டால் படைகள் ஒரே முறையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடும். எதிரியின் அந்தத் தண்டவாளத்தின் மேல் ஒரு பாராசூட் படையை உட்காரவைத்தால் அவன் போக்குவரத்து முடங்கும். நாலு முறைக்கு அவன் உதவிப்படை வராது. ரயில்வேக்காரன் சொல்கிறேன், கேட்டுக்கொள். பக்கத்தில் குன்று இருந்தால் அதன் மேல் இறக்கு. குன்றில் நிற்பவனுக்குத் தற்காப்பு இரண்டு மடங்கு. 107-வது குன்றை ஞாபகம் வைத்துக்கொள்.

மூன்றாவது, இறக்குவதை ஒரே முறையில் இறக்கு. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று சில்லறையாக இறக்கினால் எதிரிக்கு ஒவ்வொரு கவளமாக ஊட்டுவது போல. விமானம் இரண்டுதான் இருக்கிறதா? இரண்டு படைக்கு ஏற்ற சின்ன வேலையாகப் பார்.

நான்காவது, இறங்குமிடத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் இறக்காதே. முதலில் ஒரு விமானத்தை அனுப்பிப் பார். பான்சர் ஜெனரலில் எதிரியின் போர் விமானங்களை முதலில் ஒழி. மழைக்காலமாக இருந்தால் காத்திரு. மழையில் குண்டுவீச்சு விமானம் உதவிக்கு வராது.

கடைசியாக, சும்மா இருப்பதும் ஒரு வேலைதான். மனிதர் எதிரே உட்கார்ந்து ஆடினால், உன் விமானத் தளத்தில் ஒரு பாராசூட் படை நிற்கிறது என்று தெரிந்தாலே போதும். எங்கே குதிக்குமோ என்று அவர் பின்னால் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் காவல் போட்டுத் தன் முன்வரிசையைத் தானே இளைக்க வைப்பார். குதிக்காத படையே மூன்று படையைக் கட்டிப்போட்டுவிடும்.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் நீங்க புஸ்தகத்துலயா படிச்சீங்க தாத்தா?" என்றான். பாதி புஸ்தகம் என்றேன். மீதிப் பாதியை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளில் ஒரு புயல் வருடம். நான் செக்ஷன் கன்ட்ரோலராக இருந்தேன். டெல்டாவில் ஒரு சின்னப் பாலத்தில் தண்ணீர் அபாயக் குறிக்கு வந்துவிட்டது, கரை அரிக்கிறது என்று ராத்திரி பத்து மணிக்கு போன். பதினான்கு கேங்மேன்களை ஒரு மேட்டோடு, ஓர் எஞ்ஜினில் இரண்டு வேகனைக் கோத்து அனுப்பிவைத்தேன். மணல் மூட்டை கொஞ்சம், மண்வெட்டி, லாந்தர். அவர்களை இறக்கிவிட்டு எஞ்ஜின் திரும்பி வந்து, ஜல்லியும் மூட்டையும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு மறுபடி போக வேண்டும். திட்டம் நன்றாகத்தான் இருந்தது.

எஞ்ஜின் திரும்பி வந்தது. அதற்குப் பின்னால், பாலத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு தாழ்வான இடத்தில், கரை உடைந்து தண்டவாளம் தொங்கியது. அந்த இடம் தாழ்வு என்று எனக்குத் தெரியும். சார்ட்டில் இருக்கிறது. பாலத்தைப் பற்றியே யோசித்ததால் அதை நான் பார்க்கவில்லை. அந்தப் பதினைந்து பேரும் இரண்டு ராத்திரி, ஒரு முழுப் பகல், மழையில் பாலத்து மேட்டில் சாப்பாடில்லாமல் இருந்தார்கள். படகு கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது பாலம் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். யாரும் சாகவில்லை. வயதான ஒருவருக்கு மார்சளி பிடித்து, அதற்குப் பிறகு அவர் லைனில் இறங்கி வேலை செய்யவே இல்லை.

மேட் ஆபீசுக்கு வந்து என் எதிரே நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் சொன்னது: "அனுப்புனது தப்பில்லைங்க ஐயா. பாலத்துக்கு யாராச்சும் போகத்தான் வேணும். பின்னாடி வர்ற வண்டி வருமான்னு ஒரு தடவை பாத்திருக்கலாம்."

என் மேலதிகாரிகள் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலம் நின்றதால் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அந்தக் கடிதத்தை நான் பீரோவில் எங்கே வைத்தேன் என்று தெரியாது. மேட் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு சர்வீஸ் முடியும்வரை, யாரையாவது முன்னால் அனுப்பும்போதெல்லாம் பின்னால் வருகிற வண்டியின் பாதையை முதலில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுத்தேன்.

ஆர்னெம் பாலத்தில் ஃப்ராஸ்டின் ஆட்கள் மூன்று நாளாகத் தெற்கே காது வைத்து டாங்கிச் சத்தத்துக்குக் காத்திருந்ததைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பாலத்து மேடுதான் நினைவுக்கு வருகிறது. திட்டம் போட்டவர்களுக்கு அது வரைபடத்தில் ஓர் அம்புக்குறி. மேட்டில் நிற்பவனுக்கு அது சாப்பாடு.

நேற்று சாயங்காலம் பேரன் மறுபடி ஆடினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்தேன். பாராசூட் படையின் மேல் அம்பை வைத்தான். பிறகு அதை விட்டுவிட்டு, மலையைச் சுற்றி வரும் தன் டாங்கிகளிடம் போய், விரலால் கட்டங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். ஐந்து வந்தது. "இன்னும் மூணு முறை காத்திருக்கலாம் தாத்தா" என்றான்.

சரி என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன்.